கோட்டுக்கு இந்தப் பக்கம் – 9: பந்து நிலத்தில் பட்டதா?

சென்ற வாரம் டர்பன் மைதானத்தில் விட்டிருந்தோம். 1992 நவம்பர் 14, தென்னாபிரிக்கா–இந்தியா டெஸ்ட். ஜொன்டி ரோட்ஸ் எறிந்த பந்தை அன்ட்ரூ ஹட்சன் வாங்கி விக்கெட்டைத் தட்டினார். களத்தில் நின்ற நடுவர் சிரில் மிச்லி தானே முடிவு சொல்லாமல் டீவி அறையிடம் கேட்டார். உள்ளே இருந்த கார்ல் லீபன்பேர்க் படத்தை ஓடவிட்டுப் பார்த்தார். 11 ஓட்டங்களோடு டெண்டுல்கர் வெளியே போனார். மூன்றாம் நடுவர் என்ற ஆள் டெஸ்ட் கிரிக்கெட்டுக்குள் வந்தது அப்படித்தான்.

இந்த யோசனைக்குத் தகப்பன் என்று பலரும் கைகாட்டுவது நம் நாட்டவர் ஒருவரை. மஹிந்த விஜேசிங்க, உள்ளூர்ப் போட்டிகளில் ஆடி, பின்பு கிரிக்கெட் எழுத்தாளர் ஆனவர். வீட்டில் சாய்வுகதிரையில் இருப்பவனுக்குத் தெரிகிற ரன் அவுட், இருபது யார் தள்ளி நிற்கும் நடுவருக்குத் தெரியாமல் போவது என்ன நியாயம் என்பதுதான் அவர் கேள்வி. அந்தக் கேள்வி 1992இல் பாதிதான் தீர்ந்தது. மீதிப் பாதி கண்டியில், எங்கள் அஸ்கிரியவில், 2001 மார்ச்சில் வெடித்தது.

கண்டிக்காரன் என்பதால் ஊர்ப் பெருமைக்கு இழுக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பெருமைப்படும் கதை அல்ல இது.

அஸ்கிரிய மைதானத்தை இப்போதைய பிள்ளைகள் பஸ்ஸில் போகும்போது மேலே கிடக்கும் ஒரு பள்ளிக்கூட மைதானமாகத்தான் அறிவார்கள். அது உண்மையும்தான். டிரினிட்டி கல்லூரியின் சொத்து. மலைச்சரிவை வெட்டி, மண்ணை ஒரு பக்கம் தள்ளி, சமதரையாக்கி 1915இல் திறந்தார்கள். 1983 ஏப்ரலில் அவுஸ்திரேலியா வந்து இலங்கையோடு தன் முதல் டெஸ்ட்டை அங்கேதான் ஆடியது. மரங்களும் மலைகளும் சூழ்ந்து நிற்க, நடுவே பச்சையாக ஒரு தாம்பாளம். மேல் சரிவில் இருந்து பார்த்தால் ஆட்டக்காரர்கள் கடுகளவு. நான் அன்று இருந்ததும் அந்த மேல் சரிவில்தான்.

இங்கிலாந்து அணி காலியில் ஓர் இன்னிங்ஸால் தோற்றுவிட்டு வந்திருந்தது. கண்டி டெஸ்ட் மார்ச் 7ஆம் திகதி தொடங்கியது. நடுவர்கள் தென்னாபிரிக்காவின் ரூடி கோர்ட்சன், நம் நாட்டு பி.சி. குரே. போட்டி மத்தியஸ்தர் இந்தியாவின் ஹனுமந்த் சிங். மஹேல ஜயவர்தன 101 அடித்தும் இலங்கை 297ஐத் தாண்டவில்லை. இங்கிலாந்து 387. தலைவர் நாசர் ஹுசைன் 109. இந்த 109இல்தான் முதல் புகை கிளம்பியது. முரளியின் பந்து அவர் துடுப்பின் விளிம்பிலும் காலுறையிலும் பட்டு அருகில் நின்றவர் கைக்குப் போயிற்று. ஒரு முறை அல்ல, இரு முறை. இரண்டுக்கும் விரல் எழவில்லை. சரிவில் இருந்த எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆட்டக்காரர்கள் துள்ளினார்கள், பிறகு நின்றார்கள், அவ்வளவுதான். யாரோ ஒருவருடைய சின்ன ரேடியோவில் அறிவிப்பாளர் ஒரு மூச்சு விட்டார். அந்த மூச்சில்தான் ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்தது.

மூன்றாம் நாள் இலங்கை இரண்டாவது இன்னிங்ஸைத் தொடங்கியது. சனத் ஜயசூரிய ஓட்டம் எடுக்கவில்லை. அன்ட்ரூ கெடிக் வீசிய பந்தை, தன் வழக்கமான கோபத்தோடு, விளாசினார். பந்து ஸ்லிப் பக்கம் பறந்தது. மூன்றாம் ஸ்லிப்பில் கிரஹம் தோர்ப் பக்கவாட்டில் பாய்ந்து பிடித்தார். என்ன பிடி! இங்கிலாந்து ரசிகர்கள் ஒரு கூட்டமாக எழுந்து கத்தினார்கள். நானும் கை தட்டினேன், மறைக்க மாட்டேன். நல்ல பிடிக்கு எந்த நாட்டானும் கை தட்டலாம் என்று வளர்த்த ஊர் இது. நடுவர் விரலை உயர்த்தினார். சனத் நகரத் தயங்கினார். பிறகு நடந்தார். எல்லைக்கோட்டைத் தாண்டும்போது தலைக்கவசத்தைக் கழற்றி வீசினார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. பூச்சியத்துக்குப் போன எரிச்சல் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் டவுனுக்கு இறங்கி வந்து வழக்கமாக ஏறும் சைவக்கடையில் பிளேன்ரீ சொன்னேன். மூலையில், சாமி படத்துக்குப் பக்கத்தில், டீவி. அதைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர். கெடிக் ஓடி வருகிறார், சனத் விளாசுகிறார், அங்கே படம் மெதுவாகிறது. துடுப்பை விட்டுக் கிளம்பிய பந்து நேரே நிலத்தில் குத்துகிறது. குத்தித்தான் எழுந்து தோர்ப்பின் கைக்குப் போகிறது. ஒரு சந்தேகமும் இல்லை. சின்னப் பிள்ளை சொல்லும். கடை முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“தம்பி, நீங்க கிரவுண்டுக்குத்தானே போனீங்க? பாக்கலையா?”

பார்த்தேன் முதலாளி, கை கூடத் தட்டினேன் என்று எப்படிச் சொல்வது? பிளேன்ரீ ஆறிக்கொண்டிருந்தது.

அந்தக் கேள்வி இருபத்தைந்து வருடமாக என்னோடு இருக்கிறது. மைதானத்தில் காசு கொடுத்து உட்கார்ந்திருந்தவன் பார்க்கவில்லை. பத்தொன்பது மீற்றர் தள்ளி நின்ற நடுவர் பார்க்கவில்லை. கடை மூலையில் வடைச் சட்டிக்குப் பக்கத்தில் நின்றவர் பார்த்துவிட்டார். அதைவிடச் சங்கடம், மைதானத்துக்குள்ளேயே ஓர் அறையில் மூன்றாம் நடுவர் என்று ஒருவர் அதே படத்தின் முன் உட்கார்ந்திருந்தார். களத்து நடுவர் அவரிடம் கேட்கவில்லை. கேட்காமல் அவர் வாய் திறக்க முடியாது. துடுப்பாட்ட வீரர் “கொஞ்சம் டீவியில் பாருங்கள் ஐயா” என்று சொல்ல விதி இல்லை. சொன்னால் அது ஒழுக்கக் குற்றம். ஹுசைனின் இரண்டு பிடிகள் விடயத்திலோ களத்து நடுவரே விரும்பினாலும் கேட்க வழி இல்லை; துடுப்பில் பட்டதா, எல்.பி.டபிள்யூ.வா என்ற கேள்விகளுக்கு அப்போது டீவி அறையின் கதவு திறந்திருக்கவில்லை.

மிச்சக் கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். ஊர்ப் பிள்ளை, டிரினிட்டிப் பிள்ளை குமார் சங்கக்கார தன் பள்ளி மைதானத்தில் 95 வரை வந்து சதத்துக்கு ஐந்து ஓட்டம் கிட்ட ஆட்டமிழந்தார். இலங்கை 250. இங்கிலாந்துக்கு 161 தேவை. ஏழு விக்கெட்டை இழந்து அடித்துவிட்டது. ஹனுமந்த் சிங் ஜயசூரியவின் போட்டிச் சம்பளத்தில் 60 சதவீதத்தை அபராதமாக வெட்டினார். நிறுத்திவைத்த தடை ஒன்றையும் தலைக்கு மேல் தொங்கவிட்டார். சங்கக்காரவுக்குக் கண்டனம். பிழையான தீர்ப்புக்கு ஆளானவர்தான் தண்டமும் கட்டினார். குரேயின் தலையில் பத்திரிகைகள் ஏறி உட்கார்ந்தன. அவர் இங்கிலாந்துக்காகத் துடுப்பெடுத்து ஆடினார் என்று ஒரு தலைப்பு.

எனக்கு அது அப்போதும் பிடிக்கவில்லை, இப்போதும் பிடிக்கவில்லை. பிழைகள் இரண்டு நடுவர்கள் பக்கமும் இருந்தன, இரண்டு அணிகளுக்கும் விழுந்தன, நமக்குக் கூடுதலாக விழுந்தன. அந்த மனிதர் ஒரு தடவை, ஒரு கோணத்தில், கால் நொடியில் பார்த்ததை நாடு முழுக்கப் பத்துத் தடவை, நான்கு கோணத்தில், மெதுவாகப் பார்த்துவிட்டு அவரைத் திட்டியது. படத்தைக் காட்டுகிறவர்கள் காட்டிக்கொண்டே இருந்தார்கள். தீர்ப்புச் சொல்கிறவருக்கு மட்டும் அது மறைத்து வைக்கப்பட்டிருந்தது.

வெறுங்கண்ணுக்கும் கமராவுக்கும் நடந்த இந்தச் சண்டை கண்டிக்குப் புதிதா? இல்லை. அதற்கு ஐந்தாறு வருடம் முன்பே எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் அதில் சிக்கிச் சின்னாபின்னமாகியிருந்தான். கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் பந்து போடப் பழகிய முத்தையா முரளிதரன். குண்டசாலைப் பக்கம் பிஸ்கட் தொழிற்சாலை வைத்திருந்த முத்தையாவின் மகன். 1995 டிசெம்பர் 26, மெல்பேர்ன். டரெல் ஹெயார் ஏழு தடவை ‘நோ போல்’ என்றார். முரளி கையை மடக்கி எறிகிறார் என்பது அவர் கண்ட காட்சி. சில நாள் கழித்து பிரிஸ்பேனில் ரொஸ் எமர்சனும் அதையே சொன்னார். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது. பேர்த்திலும் ஹொங்கொங்கிலும் பல்கலைக்கழக ஆய்வுகூடங்களில் முரளியின் கையில் குறிகளை ஒட்டிப் படம் பிடித்தபோது தெரிந்தது வேறு. பிறவியிலேயே முழுதாக நிமிராத முழங்கை, சுழலும் மணிக்கட்டும் தோளும், அதனால் எழும் கண்மயக்கம். பின்னர் 2004இல் சர்வதேச கிரிக்கெட் பேரவை உலகத்துப் பந்துவீச்சாளர்களையெல்லாம் வேகக் கமராவில் பார்த்தது. சுத்தமான கை என்று பெயர் வாங்கியவர்களின் முழங்கையும் ஓரளவு நிமிர்கிறது என்று தெரிந்ததும் 15 பாகை வரை போகலாம் என்று எல்லாருக்கும் ஒரே எல்லை போட்டார்கள். கண்ணால் கண்டதும் பொய் என்று நம் பெரியவர்கள் சொல்லிவைத்ததற்கு ஆய்வுகூடத்தில் முத்திரை குத்தியது போல ஆயிற்று.

ஆகவே 2001இல் அஸ்கிரியவில் நடந்ததைக் கண்டிக்காரர்கள் வேறு விதமாகப் பார்த்தார்கள் என்று எனக்கு ஓர் எண்ணம். கமரா நம் பையனைக் காப்பாற்றிய பொருள். அதை நடுவர் ஏன் பார்க்க மாட்டேன் என்கிறார்?

அடுத்த வருடமே கதவு கொஞ்சம் திறந்தது. 2002 செப்டெம்பரில் கொழும்பில் சம்பியன்ஸ் கிண்ணம். பரீட்சார்த்தமாக, எல்.பி.டபிள்யூ.வுக்கும் களத்து நடுவர் டீவி அறையிடம் கேட்கலாம் என்றார்கள். செப்டெம்பர் 12, பிரேமதாச அரங்கு, பாகிஸ்தானோடு ஆட்டம். சமிந்த வாஸின் பந்து சொயிப் மலிக்கின் காலில் பட்டது. நடுவர் டரில் ஹார்ப்பர் யோசித்தார், கேட்டார். டீவி அறையில் இருந்தவர் அவுட் என்றார். டீவி பார்த்துச் சொல்லப்பட்ட உலகத்தின் முதல் எல்.பி.டபிள்யூ. அது. அறையில் இருந்தவர் யார் தெரியுமா? கண்டியில் பதினெட்டு மாதம் முன்பு குரேயோடு களத்தில் நின்ற அதே ரூடி கோர்ட்சன்.

ஆனாலும் அதில் ஓர் ஓட்டை இருந்தது. கேட்பதும் கேட்காததும் நடுவர் விருப்பம். தனக்குச் சந்தேகம் இருப்பவர் மட்டும்தான் கேட்பார். பிழையை நிச்சயத்தோடு செய்பவர் கேட்கவே மாட்டார். சனத்துக்கு விரல் உயர்த்திய கையில் சந்தேகம் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

இந்த ஓட்டையை முன்கூட்டியே பார்த்தவர் ஒரு சட்டத்தரணி. அதுவும் இலங்கையர். செனக வீரரத்ன 1997 மார்ச் 25இல் ஓர் அவுஸ்திரேலியப் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில், தீர்ப்பில் திருப்தி இல்லாத ஆட்டக்காரருக்கே மேலே கேட்கும் உரிமையைக் கொடுங்கள் என்றார். கீழ் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து மேல் நீதிமன்றத்துக்குப் போவது போல. நம் தமிழ்ப் பத்திரிகைகள் கிரிக்கெட்டில் பந்துவீச்சாளர் கத்துவதையும் மேன்முறையீடு என்கின்றன, வழக்கு மேலே போவதையும் மேன்முறையீடு என்கின்றன. சட்டத்தரணி செய்தது, இரண்டு மேன்முறையீட்டையும் ஒன்றாக்கிவிட்டதுதான். அந்த யோசனை தன்னுடையது என்று பல வருடமாக வாதாடி வருகிறார். பேரவை அவருக்கு உரிய பெயரைக் கொடுக்கவில்லை. அந்த வழக்கில் மேன்முறையீட்டுக்கு இன்னும் நீதிமன்றம் கிடைக்கவில்லை போலும்.

2008 ஜூலை. இந்தியா இலங்கைக்கு வந்தது. எஸ்.எஸ்.சி., காலி, பி. சரவணமுத்து மைதானம் என்று மூன்று டெஸ்ட். ஆட்டக்காரரே கேட்கலாம் என்ற விதி சர்வதேச கிரிக்கெட்டில் முதல் முதலாக அங்கே பரீட்சிக்கப்பட்டது. இரண்டு முன்னங்கைகளையும் ஆங்கில ‘டீ’ எழுத்தாக வைத்துக் காட்ட வேண்டும். ஓர் இன்னிங்ஸில் மூன்று தடவை பிழையாகக் கேட்கலாம். நடுவர்கள் மார்க் பென்சன், பில்லி டொக்ட்ரோவ், மறுபடியும் நம் கோர்ட்சன். மூவரும் முறை வைத்துக் களத்திலும் அறையிலும் மாறி மாறி நின்றார்கள். பந்தின் பாதையைக் கணினி வரைந்து காட்டியது, காலில் பட்ட இடம் வரைக்கும் மட்டும். அதற்கு அப்பால் விக்கெட்டில் பட்டிருக்குமா என்பதை மூன்றாம் நடுவரே தன் மனதில் வரைந்துகொள்ள வேண்டும்.

எஸ்.எஸ்.சி.யில் இந்தியாவின் இரண்டாவது இன்னிங்ஸ். முரளியின் பந்து வீரேந்தர் சேவாக்கின் காலில் பட்டது. பென்சன் இல்லை என்று தலையசைத்தார். மஹேல கையை ‘டீ’ ஆக்கினார். அறையில் பார்த்தார்கள். பென்சன் தன் முடிவை மாற்றி விரலை உயர்த்த வேண்டியதாயிற்று. நடுவர் இல்லை என்று சொன்ன பிறகு, ஆட்டக்காரர் கேட்டதால் ஆட்டமிழந்த முதல் ஆள் சேவாக். பந்து போட்டவர் கண்டிக்காரர்.

அந்தத் தொடரில் இலங்கை கேட்டதில் பதினொன்று வென்றது. இந்தியா கேட்டதில் ஒன்றே ஒன்று. ஏன் இந்த வித்தியாசம்? அஜந்த மென்டிஸ் அந்தத் தொடரில்தான் அறிமுகமாகி 26 விக்கெட் எடுத்தார். முரளி 21. இந்த இருவருடைய பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று துடுப்பாட்ட வீரருக்கும் தெரியவில்லை, நடுவருக்கும் தெரியவில்லை. நடுவர் பிழைவிட வாய்ப்புள்ள பந்துகள் பெரும்பாலும் ஒரே பக்கத்திலிருந்து வந்தன. இது என் கணிப்பு. இன்னொன்று, எப்போது கேட்பது என்ற கலையை மஹேல முதல் நாளே பிடித்துக்கொண்டார். இந்தியர்கள் ஆத்திரத்தில் கேட்டார்கள். சூடு கண்ட பூனை கதைதான் பிறகு. இந்திய கிரிக்கெட் சபை இந்த முறையை முழுதாகத் தன் இரு நாட்டுத் தொடர்களுக்குள் விடாமல் எட்டு வருடம் தள்ளி வைத்தது. 2016 நவம்பரில் இங்கிலாந்து ராஜ்கோட்டுக்கு வந்தபோதுதான் இறங்கி வந்தது. மற்ற உலகமோ 2009 நவம்பரில், நியூசிலாந்தின் டனீடினில், இதை முறையாகத் தொடங்கிவிட்டது.

ஒரு சின்ன வருத்தம். இவ்வளவுக்கும் தூண்டுகோலாக இருந்த அஸ்கிரியவில் யாரும் ஒரு தடவைகூடக் கையை ‘டீ’ ஆக்கவில்லை. அங்கே கடைசி டெஸ்ட் 2007 டிசெம்பரில் முடிந்துவிட்டது. முரளி கொலிங்வூட்டின் விக்கெட்டைச் சாய்த்து 709ஐத் தொட்டு ஷேன் வோர்ணைத் தாண்டிய டெஸ்ட் அது. பரீட்சை தொடங்க இன்னும் ஏழு மாதம் இருந்தது. பெரிய கிரிக்கெட் மகாவலியைத் தாண்டிக் குண்டசாலை வழியாகப் பல்லேகலைக்குப் போய்விட்டது.

இங்கே கொஞ்சம் கணக்குப் போடுவோம். கணக்கு இல்லாமல் இந்தச் சரித்திரம் விளங்காது.

மூன்று ஸ்டம்பும் சேர்ந்து 22.86 சென்ரிமீற்றர் அகலம். பந்தைச் சுற்றி ஒரு நூலைக் கட்டி அளந்தால் ஏறக்குறைய அதே நீளம் வரும். வேண்டுமானால் வீட்டில் பழைய பந்து இருந்தால் கட்டிப் பாருங்கள். குறுக்களவு ஏழு சென்ரிமீற்றரும் சொச்சமும். பந்தின் ஓர் ஓரம் ஸ்டம்பை உரசினாலும் பட்டதுதான். ஆனால் காலில் தடுக்கப்பட்ட பந்து எங்கே போயிருக்கும் என்பது நடக்காத ஒன்றைப் பற்றிய கணிப்பு. கணிப்பில் சில மில்லிமீற்றர் பிசகு இருக்கும். அதனால்தான் பாதிப் பந்துக்குக் குறைவாக ஸ்டம்பில் படுவதாகக் கணினி காட்டினால் களத்து நடுவர் முதலில் சொன்னதே நிற்கும் என்று வைத்தார்கள். ரசிகர்களுக்கு இது ஆகவே ஆகாது. ஸ்டம்பில் படுவதாகக் காட்டிவிட்டு அவுட் இல்லை என்கிறார்களே என்பார்கள். என்னைக் கேட்டால், முழு ஏற்பாட்டிலும் நேர்மையான பகுதி அதுதான். இயந்திரம் தன் பிசகை ஒப்புக்கொள்ளும் ஒரே இடம்.

ரன் அவுட் அப்படி இல்லை. அங்கே கணிப்பு கிடையாது. துடுப்பு கோட்டுக்கு உள்ளே வந்ததா, பெயில் அதற்கு முன் விழுந்ததா? இரண்டும் நடந்து முடிந்த காரியம். பிறகு ஏன் தகராறு? சாதாரண டீவிப் படம் ஒரு நொடிக்கு 25 துண்டு. ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் இடையில் 40 மில்லி நொடி. உயிரை விட்டு ஓடும் ஆள் நொடிக்கு ஆறு, ஏழு மீற்றர் போவார். அந்த இடைவெளியில் ஒரு சாணுக்கு மேல் நகர்ந்துவிடுவார். ஒரு படத்தில் பெயில் இருக்கிறது, துடுப்பு வெளியே. அடுத்த படத்தில் பெயில் இல்லை, துடுப்பு உள்ளே. நடுவில் எது முந்தியது? 1992இல் லீபன்பேர்க்கின் கையில் இருந்தது இந்த மாதிரிப் படம்தான். நொடிக்குப் பல நூறு படம் எடுக்கும் கமராக்கள் பின்னால் வந்தன.

கோடு யாருக்குச் சொந்தம் என்பது இன்னொரு கேள்வி. சின்ன வயதில் கிளித்தட்டு ஆடியவர்களுக்குக் கோட்டுச் சண்டை என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. கிரிக்கெட்டில் வெள்ளைக் கோட்டின் உள்விளிம்புதான் எல்லை. கோட்டின் மேல் துடுப்பு இருந்தால் போதாது, அவுட். ஐஸ் ஹொக்கியில் நேர் எதிர். கனடாவில் நம் சொந்தக்காரர்கள் பனிக்காலம் முழுக்க உட்கார்ந்து பார்க்கிறார்களே, அந்த ஆட்டம். அங்கே ஓரடி அகலத்தில் நீலக்கோடு. பந்துக்குப் பதிலான வட்டத்தட்டு கோட்டைக் கடக்கும் முன் தாக்குபவர் இரண்டு காலும் முழுதாக உள்ளே போயிருந்தால் ஓஃப்சைட். ஒரு சப்பாத்தின் கத்தி நுனி கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் தப்பு இல்லை. 2013 பெப்ரவரியில் கொலராடோ அணியின் மட் டுஷேன் பல அடி உள்ளே நின்றபடி வாங்கிப் போட்ட கோல் ஒன்றை நடுவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அது அவர்களுடைய அஸ்கிரிய. 2015இல் பயிற்றுநர் எதிர்த்துக் கேட்கலாம் என்று விதி வந்தது. பல அடித் தவறைப் பிடிக்க வந்த விதி, சப்பாத்து நுனி பனியிலிருந்து ஓர் அங்குலம் எழும்பியதா என்று ஐந்து நிமிடம் பார்க்கிற விதியாகிவிட்டது. கடைசியில் 2020இல், கால் கோட்டுக்கு மேலே அந்தரத்தில் இருந்தாலும் சரி என்று விதியையே தளர்த்தினார்கள். வீணாகக் கேட்டால் இரண்டு நிமிடம் ஒரு ஆள் குறைவாக ஆட வேண்டும் என்ற தண்டனையும் உண்டு. 2008இல் கேட்டுக் கேட்டுத் தோற்ற இந்தியர்கள், இந்தத் தண்டனை கிரிக்கெட்டில் இல்லையே என்று சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

இனி பல்லேகலைக்குப் போவோம். 2012 செப்டெம்பர் 27, உலக இருபது20 கிண்ணம், இலங்கைக்கும் நியூசிலாந்துக்கும் ஆட்டம். கண்டியிலிருந்து போகும் பாதை முழுக்க முச்சக்கரவண்டியும் வேனும். ஹுன்னஸ்கிரிய மலைப் பக்கமிருந்து குளிர் இறங்கியது. மத்திய மாகாண சபை இந்த அரங்குக்கு முரளியின் பெயரைச் சூட்டத் தீர்மானித்தது 2010இல். பெயர் வாயில் ஒட்டவில்லை. எல்லாருக்கும் அது பல்லேகலைதான். பஸ் நடத்துநர் “பல்லேகலை, பல்லேகலை” என்று கத்தியதில் நானும் ஏறிப் போனேன். இந்த முறை எனக்குக் கிடைத்த இடத்திலிருந்து பெரிய திரை நன்றாகத் தெரிந்தது. அதைப் பார்த்துத்தான் அந்த இடத்தைப் பிடித்தேன்.

நியூசிலாந்து 174. இலங்கை துரத்தியது. கடைசிப் பந்து. ஓட்டங்கள் சமம். ஒரே ஓர் ஓட்டம் எடுத்தால் வெற்றி. லஹிரு திரிமான்ன அடித்துவிட்டு ஓடினார். பந்து திரும்பி வந்தது. விக்கெட் சிதறியது. திரிமான்ன கோட்டில் விழுந்து கிடந்தார். பக்கத்தில் இருந்த பெரியவர் என் தோளைப் பிடித்து, “உள்ள வந்துட்டாரு, நான் பாத்தேன்” என்றார் தீர்மானமாக. நானும் பார்த்தேன். ஆனால் நான் அஸ்கிரியவிலும் பார்த்தவன். ஆகையால் வாயைத் திறக்கவில்லை.

நடுவர் விரலால் காற்றில் ஒரு பெட்டி வரைந்தார்.

ஆயிரக்கணக்கான தலைகள் ஒரே நேரத்தில் களத்தை விட்டுத் திரும்பித் திரையைப் பார்த்தன. விளக்கு எரியும் பெயில்கள் உலகக் கிண்ணத்துக்கு வர இன்னும் இரண்டு வருடம் இருந்தது. ஆகவே பெயில் எப்போது பள்ளத்தை விட்டு முழுதாக எழுந்தது என்று அறையில் இருந்தவர் கண்ணால்தான் பார்க்க வேண்டும். படம் நகர்ந்தது. நின்றது. ஒரு துண்டு பின்னே போனது. துடுப்பு வெள்ளைக் கோட்டின் மேல் தெரிந்தது. மறுபடி முன்னே. பெயில் ஒரு பக்கம் மட்டும் கிளம்பியிருந்தது. பப்பரே வாத்தியக்காரர்கள் கூட ஊதுவதை நிறுத்திவிட்டார்கள். பெரியவர் என் தோளில் வைத்த கையை எடுக்கவில்லை.

அவுட் என்று வந்தது. ஆட்டம் சமன். சுப்பர் ஓவரில் இலங்கை 13 எடுத்தது, மாலிங்க வீச நியூசிலாந்து 7இல் நின்றது, வென்றோம், விடிய விடிய வெடி போட்டார்கள். அதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த கதை. திரை அவுட் என்று காட்டிய அந்த நேரத்தில் பெரியவர் கையை எடுத்துக்கொண்டு, யாரிடமும் கோபம் இல்லாத குரலில், “அப்ப நான் பாத்தது என்னது?” என்று கேட்டார்.

(தொடரும்)